நாய்களும் நம் நகரமும்



திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் டோல்கேட் என்று ஓரிடம் உண்டு. பழைய சுங்க வாயிலின் நினைவாக நிற்கும் பெயர் அது. சரக்கு லாரிகளும், தொழிலாளரும், காசிமேட்டு மீன் கூடைகளும் கடந்து செல்லும் அவ்வழியில் தெருநாய்களுக்கும் குறைவில்லை. எச்சில் இலையும் மீன் கழிவும் எங்கே உண்டோ அங்கே நாயும் உண்டு. இந்த நாய்களை நம் நகரம் எவ்வாறு நடத்தி வந்தது என்பதே இன்று நான் கூற எடுத்துக்கொண்ட வரலாறு.

நாயைக் கண்டு மனிதன் அஞ்சியதற்குத் தக்க காரணம் உண்டு. வெறிநாய்க்கடி நோய் வெளிப்பட்டுவிட்டால் உயிர் பிழைப்பது அரிதினும் அரிது. 1885-இல் பிரான்ஸ் நாட்டில் லூயி பாஸ்டர் கடியுண்ட ஒரு சிறுவனுக்குத் தடுப்பு மருந்து செலுத்திக் காத்தார். நம் மாகாணத்தில் 1907-இல் குன்னூரில் பாஸ்டர் நிலையம் தோன்றியது. ஆட்டு மூளையிலிருந்து எடுத்த மருந்தை வயிற்றில் பதினான்கு நாள் குத்திக்கொண்ட கதையை உங்கள் பாட்டனார் சொல்லக் கேட்டிருக்கலாம். அம்முறை இன்று இல்லை.

நோயைத் தடுக்க நகராட்சிகள் கண்ட எளிய வழி, நாயைக் கொல்வது. சென்னையில் இவ்வேலை 1860-இலேயே தொடங்கியதாகப் புளூ கிராஸ் அமைப்பினரின் குறிப்புகள் கூறுகின்றன. பிடிபட்ட நாய்கள் பேசின் பிரிட்ஜ் பகுதியிலிருந்த கூடத்துக்குச் சென்றன. மின்சாரம் பாய்ச்சிக் கொல்லும் முறையும் வந்தது. 1995-இல் நாளொன்றுக்குச் சுமார் 135 நாய்கள் மாண்டன என்கின்றன அக்குறிப்புகள். நூறாண்டுக்கு மேல் கொன்றும் நாய் குறைந்ததா? குறையவில்லை. காரணம் தெளிவானது. ஒரு தெருவின் நாய்களை அகற்றினாலும் அங்குள்ள உணவு அகலுவதில்லை. அடுத்த தெரு நாய்கள் அவ்விடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. இரண்டு மாதமே சுமந்து பல குட்டிகளை ஈனும் இனம் விரைவில் குறையை நிரப்பிவிடுகிறது.

1959-இல் விமானி கேப்டன் வி. சுந்தரம் அவர்கள் சென்னையில் புளூ கிராஸ் அமைப்பைத் தொடங்கினார்கள். கொல்வதற்கு மாறாக, கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விடும் முறையை 1964 முதல் அவ்வமைப்பு வற்புறுத்தியது. மாநகராட்சி அதனை ஏற்க முப்பதாண்டுகளுக்கு மேல் ஆயிற்று; 1996-இலேதான் கொலை நின்று இம்முறை நடைமுறைக்கு வந்தது. 2001-இல் மத்திய அரசின் விதிகள் இதனை நாடெங்கும் சட்டமாக்கின; அவை 2023-இல் புதுப்பிக்கப்பட்டன. திருவொற்றியூரும் 2011-இல் மாநகராட்சியோடு இணைந்தது.

ஆண் நாயின் விதைகளை நீக்குவதால் அதன் உடலுக்கு நன்மையா, தீமையா? காளைக்குக் காயடிப்பதை நம் உழவர் நெடுங்காலமாக அறிவர். நாய்க்கோ மயக்க மருந்து கொடுத்துச் செய்யும் அறுவை இது. விதையே இல்லாதபோது விதைப் புற்று வராது. முதுமையில் சுக்கிலச் சுரப்பி வீங்கிச் சிறுநீருக்கும் மலத்துக்கும் இடர் செய்யும் தொல்லை பெரிதும் நீங்குகிறது. பெண் நாயைத் தேடி அலைவதும், அதன் பொருட்டுக் கடித்துக்கொள்வதும் குறைகின்றன. லாரிகள் விரையும் சாலையில் இது சிறு நன்மையன்று. தெருநாய்களிடம் இணைசேர்க்கையால் பரவும் ஒருவகைக் கட்டியும் உண்டு. ஒரு நாயின் உயிரணுவே மற்றொரு நாயின் உடலில் ஒட்டி வளரும் விந்தை நோய் அது. இணைசேர்க்கை குறைந்தால் அதுவும் குறையும்.

தீமையையும் மறைத்தலாகாது. விதை நீக்கிய நாய் எளிதில் கொழுக்கும். சுக்கிலச் சுரப்பியில் தோன்றும் புற்று இதனால் தடைபடுவதில்லை. 2013-இல் அமெரிக்காவின் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஆராய்ச்சி, கோல்டன் ரெட்ரீவர் என்னும் பெரிய இன நாய்களுக்கு ஒரு வயதுக்கு முன் இதனைச் செய்தால் இடுப்பு, முழங்கால் மூட்டு நோய்கள் மிகுதியாக வருவதைக் காட்டியது. ஆகவே வீட்டில் வளர்க்கும் பெரிய இன நாய்க்கு வயதும் இனமும் நோக்கி மருத்துவரே நாள் குறிக்க வேண்டும். தெருநாய்க்கு நன்மையே மேலோங்கும் என்பது என் கருத்து.

இங்கே இரண்டு உண்மைகளை நீங்கள் பிரித்தறிய வேண்டும். ஆண் நாய்களில் பத்தில் ஒன்பதுக்குக் கருத்தடை செய்தாலும் எஞ்சிய ஒன்றே பல பெண் நாய்களைச் சினைப்படுத்தும். தொகையைக் குறைப்பது பெண் நாய்களுக்குச் செய்யும் கருத்தடையே. அவ்வாறே, வெறிநோயைத் தடுப்பது அறுவையன்று, அதனோடு போடும் தடுப்பூசி. நூற்றுக்கு எழுபது நாய்களுக்கேனும் அது சென்றால்தான் நோயின் சங்கிலி அறும் என்பர். ஊசியின் வலிமை காலத்தால் குறைவதால், மீண்டும் மீண்டும் போடவும் வேண்டும்.

காதில் சிறு வெட்டுள்ள நாயைக் கண்டால் அது கருத்தடை பெற்றது என்று அறியுங்கள். எனினும் எந்த நாய் கடித்தாலும் காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். வீட்டாருக்கு அஞ்சிக் கடியை மறைக்கும் சிறுவனே இந்நோய்க்கு எளிதில் இரையாகிறான்.