கோபால்ட் கதிர் வந்த வழி

புற்றுநோய் என்ற சொல்லை உரக்கச் சொல்லவும் அஞ்சிய காலம் ஒன்று இருந்தது. தோட்டத்து லயங்களில் அது 'அந்த நோய்' என்றே வழங்கிற்று. அச்சத்திற்குக் காரணமும் இருந்தது. அன்று அந்நோய்க்கு மருந்து என்று சொல்லத்தக்கது யாதும் நம்மவர் கைக்கு எட்டவில்லை.

தமிழுலகில் இந்நிலையை மாற்ற முற்பட்டோருள் முதலில் எண்ணத்தக்கவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார். 1886இல் புதுக்கோட்டையில் பிறந்த இவர், 1923இல் தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். அத்துயரை மனத்தில் இருத்தி, புற்றுநோய்க்கெனத் தனி மருத்துவமனை வேண்டும் எனப் பல்லாண்டு வாதாடினார். 1952இல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்ட, 1954இல் சென்னை அடையாற்றில் 12 படுக்கைகளோடு மருத்துவமனை எழுந்தது. அம்மையாரின் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955இல் வந்து சேர்ந்த டாக்டர் சாந்தாவும் அதனை வளர்த்தனர். சாந்தா அம்மையார் 2021இல் மறையும்வரை அந்நிலையத்தை விட்டு அகலவே இல்லை. நம் பிள்ளைகள் திரைநடிகர் பெயரை அறிந்த அளவு இவர் பெயரை அறியார்.

1950களின் பிற்பகுதியில் கனடாவிலிருந்து கொடையாக ஒரு கோபால்ட் கருவி அடையாறு வந்தடைந்தது. இதன் அருமையை உணரச் சற்றே பின்னோக்க வேண்டும். ராண்ட்கன் 1895இல் எக்ஸ் கதிரைக் கண்டார். கியூரி இணையர் 1898இல் ரேடியத்தைக் கண்டனர். எனினும் பழைய எக்ஸ் கதிர்க் கருவிகளின் ஆற்றல் குறைவு. கதிரின் பெரும்பகுதி தோலிலேயே தங்கி அதனைச் சுட்டது. நெஞ்சின் ஆழத்தில் உள்ள கட்டிக்குச் சென்றதோ சிறிதளவே. கோபால்ட்-60 உமிழும் காமா கதிர் அவ்வாறன்று. தோலைப் பெரிதும் காத்து உள்ளே ஊடுருவும். 1951இல் கனடாவில்தான் இக்கதிர் முதன்முதல் நோயாளர்க்கு அளிக்கப்பட்டது. சில ஆண்டுகளுக்குள் அது தமிழ்நாட்டுக்கும் வந்தது என்பது வியப்பன்றோ? ஆயின் கோபால்ட்டின் வீரியம் ஏறத்தாழ ஐந்தேகால் ஆண்டில் பாதியாகக் குறையும். அதனால் காலந்தோறும் புதுப்பிக்கும் செலவு உண்டு.

நெஞ்சின் ஆழம் என்றேன். நுரையீரலில் ஒருவகைக் கட்டி உண்டு. நரம்பணுவின் இயல்பும் சுரப்பணுவின் இயல்பும் கலந்த உயிரணுக்களில் தோன்றுவது. இதில் சாதுவும் உண்டு, கொடியதும் உண்டு. 'கார்சினாய்டு' எனும் சாதுவான வகையை அறுத்து நீக்கினால் பெரும்பாலோர் நெடுநாள் வாழ்வர். சிற்றணுப் புற்றோ காட்டுத்தீ போன்றது. புகைப்பிடிப்போரையே மிகுதியும் பற்றும். இக்கொடிய வகைக்கு அறுவை ஏற்றதா, கதிர் ஏற்றதா என இங்கிலாந்தின் மருத்துவ ஆய்வுக் குழு ஒப்பிட்டது. 1973இல் வெளிவந்த பத்தாண்டு முடிவின்படி, அறுவைக்கு ஒதுக்கிய 71 பேரில் ஒருவரும் எஞ்சவில்லை. கதிருக்கு ஒதுக்கிய 73 பேரில் மூவர் எஞ்சினர். மூவர்தானே என்று இகழலாகாது. வழி எது என்பதை அம்மூவரே காட்டினர்.

கதிரோடு மருந்தையும் சேர்த்தபோது நிலை மேலும் உயர்ந்தது. வாய்ப் புற்றில் இவ்விணைப்பை ஆராய்ந்தவர்களுள் கிருஷ்ணமூர்த்தியும் சாந்தாவும் அடங்குவர். நெஞ்சின் ஒரு பக்கத்தோடு நின்ற சிற்றணுப் புற்றுக்கு மருந்தோடு கதிரை நாளுக்கு ஒருமுறை தருவதா, இருமுறை தருவதா என அமெரிக்காவில் ஆராய்ந்தனர். 1999இல் வெளியான முடிவில், ஐந்தாண்டு வாழ்ந்தோர் ஒருமுறை பெற்றோருள் நூற்றுக்கு 16 பேர். இருமுறை பெற்றோருள் 26 பேர். கதிர்மருந்து முடிந்தபின் நோய் எதிர்ப்பாற்றலைத் தூண்டும் மருந்தைத் தொடர்ந்தால் ஆயுள் மேலும் நீள்கிறது என 2024இல் வெளியான மற்றோர் ஆய்வு காட்டிற்று.

நம் பினாங்கில் 1976இல் கத்தோலிக்க அருட்சகோதரியர் தஞ்சோங் பூங்காவில் மவுண்ட் மிரியம் மருத்துவமனையை நிறுவினர். அக்காலத்தில் சிம்பாங் அம்பாட்டிலிருந்து அங்குச் செல்வதாயின் பட்டர்வொர்த் சென்று பெர்ரி ஏறவேண்டும். பாலம் திறந்தது 1985இல்தான். கதிர் மருத்துவம் ஒருநாளில் முடிவதன்று. வாரக்கணக்கில் நாள்தோறும் செல்லவேண்டும். தோட்டக் கூலியை நம்பிய குடும்பத்தில் நோயாளியும் துணைக்குச் செல்பவரும் ஆக இருவரின் நாட்கூலி போயிற்று. நாளுக்கு இருமுறை கதிர் என்பதில் இடைவெளி ஆறு மணி நேரமேனும் வேண்டும். பாலம் வந்த பின்னும், காலையில் கதிர் பெற்றவர் மாலைவரை அங்கேயே காத்திருக்க வேண்டும். அல்லது தீவில் உறவினர் வீடு இருக்க வேண்டும்.