வாங்குவோரும் பார்ப்போரும்: இந்தியப் புகையிலை விளம்பரச் சட்டங்களில் சிறார் (1975–2023)

முன்னுரை

புகையிலை இந்திய மண்ணுக்குரிய பயிரன்று. போர்த்துக்கீசியர் வழியாக இங்கு வந்தது. ஆயினும் அது தமிழ்ச் சிற்றிலக்கியத்துள் இடம்பெறத் தவறவில்லை. சீனிச்சர்க்கரைப் புலவர் இயற்றி, உ. வே. சாமிநாதையர் பதிப்பித்த ‘புகையிலை விடு தூது’ பழனி முருகனிடம் புகையிலையையே தூதாக விடுக்கிறது. அதற்குப் புராணப் பெருமையும் கற்பிக்கிறது. ஒரு நுகர்பொருளை உயர்ந்த பிறிதொன்றோடு சேர்த்துப் பெருமைப்படுத்தும் இவ்வுத்தியைப் புலவர் நயம் கருதிக் கையாண்டார். இருபதாம் நூற்றாண்டின் விளம்பரத்துறை இதையே விற்பனை கருதிக் கையாண்டது. தெய்வம் நின்ற இடத்தில் விளையாட்டு வீரரும் திரைநாயகரும் நிறுத்தப்பட்டனர். அவர்களைக் கண்டு மகிழ்வோருள் பெரும்பகுதியினர் சிறார் என்பது ஈண்டு நினையத்தக்கது. இந்தியச் சட்டங்கள் அச்சிறாரைப் பொருள் வாங்குவோராகக் கண்டனவா, விளம்பரம் பார்ப்போராகக் கண்டனவா என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எழுத்தறிந்தோர்க்கான எச்சரிக்கை

1975ஆம் ஆண்டின் சிகரெட்டுச் சட்டம் இவ்வரலாற்றின் முதற்படி. சிகரெட் புகைத்தல் உடல்நலத்திற்குத் தீங்கானது என்னும் வாசகம் சிகரெட்டுப் பெட்டியிலும் விளம்பரத்திலும் இடம்பெற வேண்டும் என அது விதித்தது. விளம்பரத்தை அது தடுக்கவில்லை. பீடியும் மெல்லும் புகையிலையும் அதன் எல்லைக்குள் வரவில்லை. எச்சரிக்கை எழுத்தாகவும் ஈர்ப்பு படமாகவும் அமைந்தன. எனவே படிக்கத் தெரியாத குழந்தையிடம் விளம்பரம் சென்று சேர்ந்தது; எச்சரிக்கை சேரவில்லை. எச்சரிக்கை படமாக மாறுவதற்கு 2009 மே 31 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஆடுகளமும் விளம்பரமும்

1990களில் தொலைக்காட்சி பரவியபோது விளம்பரத்தின் களம் மாறியது. 1996இல் இந்தியா, பாகிஸ்தான், இலங்கை ஆகிய நாடுகளில் நடைபெற்ற உலகக் கோப்பைக் கிரிக்கெட் போட்டி ‘வில்ஸ்’ என்னும் சிகரெட்டின் பெயரையே தாங்கியது. இந்திய அணியினரின் சட்டையிலும் அப்பெயர் இருந்தது. விளம்பர இடைவேளையில் காட்டப்படும் விளம்பரத்தை விலக்கலாம். ஆட்டக்காரரின் மார்பிலேயே எழுதப்பட்டிருக்கும் பெயரை எங்ஙனம் விலக்குவது? 2000இல் திருத்தப்பெற்ற கேபிள் தொலைக்காட்சி விதிகள் புகையிலை விளம்பரத்தை நேராகத் தடுத்தன. புதிய சட்டமுன்வரைவு நாடாளுமன்றத்திற்கு வந்த 2001இல் அந்நிறுவனம் விளையாட்டுப் புரவலர் நிலையிலிருந்து தானே விலகிக்கொண்டது.

வயதெல்லை வகுத்த சட்டம்

2003இல் இயற்றப்பெற்று 2004 மே 1 முதல் நடைமுறைக்கு வந்த சிகரெட் மற்றும் பிற புகையிலைப் பொருள்கள் சட்டம், சிறாரை வெளிப்படையாகப் பெயர் சுட்டிப் பேசியது. இதன் 5ஆம் பிரிவு நேரடி விளம்பரம், மறைமுக விளம்பரம் ஆகிய இரண்டையும் தடுத்தது. 6ஆம் பிரிவு 18 வயதுக்குட்பட்டோர்க்கு விற்பதையும், கல்வி நிறுவனங்களிலிருந்து 100 கெஜத்திற்குள் விற்பதையும் தடுத்தது. எனினும், விற்பனைக் கடையின் வாயிலிலும் உள்ளேயும் விளம்பரம் செய்ய 5ஆம் பிரிவே விலக்களித்தது. மிட்டாயும் எழுதுகோலும் வாங்கச் சிறார் வருவது அதே கடைக்குத்தான். வாங்குவோராகிய சிறாரைத் தடுத்த சட்டம், பார்ப்போராகிய சிறாரைக் கடைவாயிலில் மறந்துவிட்டது எனலாம்.

2005ஆம் ஆண்டு விதிகள் இக்குறையைக் களைய முயன்றன. கடைப்பலகையில் பொருளின் வகையை மட்டுமே குறிக்க வேண்டும். வணிகப் பெயரோ படமோ கூடாது. ஒளியூட்டலும் கூடாது என்றன. புகையிலைப் பொருளின் பெயரையோ வண்ண அமைப்பையோ வேறு பொருளை விற்கப் பயன்படுத்துவது மறைமுக விளம்பரமே என்றும் வரையறுத்தன. ஆனால் கடைப்பலகை விதிகள் பம்பாய் உயர்நீதிமன்றத்தின் இடைக்காலத் தடைக்கு உள்ளாயின. உச்சநீதிமன்றம் 2013 ஜூலையில் அத்தடையை நீக்கியது. இடைப்பட்ட ஆண்டுகளில் பள்ளிப் பருவத்தையே கடந்துவிட்ட தலைமுறைக்கு அவ்விதிகளால் பயன் விளையவில்லை.

திரைப்படத்தில் புகைக்கும் காட்சிகளை அறவே தடுக்க 2005இல் எழுந்த முயற்சியைத் தில்லி உயர்நீதிமன்றம் 2009இல் செல்லாததாக்கியது. படைப்புரிமைக்கும் சிறார் நலத்திற்கும் இடையே ஒரு சமன்பாடாக, திரையில் எச்சரிக்கை காட்டும் விதி 2012 அக்டோபர் 2 முதல் செயற்பட்டது. 2023 செப்டம்பர் 1 முதல் இணையவழித் திரைத்தளங்களுக்கும் இவ்விதி விரிந்தது.

மின்னணுச் சிகரெட்: முழுத்தடை

பழச்சுவையும் இனிப்புச்சுவையும் ஏற்றப்பெற்ற மின்னணுச் சிகரெட் வந்தபோது, அரசு வயதெல்லை வகுக்கும் வழியைக் கைவிட்டது. 2019 செப்டம்பரில் அவசரச் சட்டமாகவும் டிசம்பரில் நாடாளுமன்றச் சட்டமாகவும் வந்த தடை, உற்பத்தி, இறக்குமதி, விற்பனை, விளம்பரம் அனைத்தையும் ஒருங்கே விலக்கியது. முதற்குற்றத்திற்கு ஓராண்டுச் சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை தண்டமும் விதிக்கலாம். 2003ஆம் ஆண்டுச் சட்டத்திலோ, சிறார்க்குச் சிகரெட் விற்றவர்க்குரிய தண்டம் 200 ரூபாயைக் கடவாது. சந்தையில் வேரூன்றாத பொருளிடம் கடுமை, வேரூன்றிய பொருளிடம் மென்மை என்பதே இவ்வேறுபாடு உணர்த்துவது. 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம் குழந்தைக்குப் புகையிலை தருவோர்க்கு ஏழாண்டு வரை சிறை விதித்தமை இம்மென்மைக்கு ஒரு மாற்றாகும். ஆனால் அதுவும் பொருளைத் தருவது பற்றியதே, காட்டுவது பற்றியதன்று.

முடிவுரை

2019ஆம் ஆண்டின் உலக இளையோர் புகையிலைக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 13 முதல் 15 வயது வரையுள்ள மாணவருள் 8.5 விழுக்காட்டினர் புகையிலையைப் பயன்படுத்தினர். சிகரெட் பிடித்தவருள் 38 விழுக்காட்டினர் பத்து வயதுக்கு முன்பே தொடங்கியவர்கள். விற்பனைக்கான வயதெல்லை 18 ஆக, விருப்பம் முளைப்பது அதற்கு நெடுநாள் முன்பே என்பது இதனால் பெறப்படும். சிறாரின் கை கடையை எட்டுமுன் அவர்தம் கண் எட்டிவிடுகிறது. கடைவாயில் விளம்பரத்திற்கான விலக்கை நீக்குவதும், பாக்கு, ஏலக்காய் முதலியவற்றின் பெயரால் நடக்கும் மறைமுக விளம்பரத்திற்கு 2005ஆம் ஆண்டு வரையறையை உறுதியாகப் பொருத்துவதும், கண்ணைக் காக்கும் முதற்பணிகள் எனத் துணியலாம்.