போஃபர்ஸ்: கசிந்த காகிதங்கள் சொன்னதும் சொல்லாததும்

போஃபர்ஸ் என்றதும் நம்மில் பலருக்கு என்ன ஞாபகம் வரும்? ஏதோ பீரங்கி ஊழல், ராஜீவ் காந்தி, 64 கோடி.. அவ்வளவுதான். என் வயதுக்காரர்கள் பிறப்பதற்கு முன்பே நடந்த கதை. எங்கள் மதுரைப் பக்கம் டீக்கடையில் அரசியல் பேசும் பெரியவர்கள் மட்டும் எந்தப் புது ஊழல் வந்தாலும் அதை போஃபர்ஸோடு ஒப்பிட்டு, "அது வெறும் 64 கோடிதானப்பா" என்று சிரிப்பார்கள்.

நான் பி.காம் படிக்கிறவன். எனக்கு இந்தக் கதை பிடித்துப்போனதற்குக் காரணம் அரசியல் அல்ல, ஆடிட்டிங் பாடம்! போஃபர்ஸ் விவகாரத்தின் நடுவில் இருப்பது பீரங்கியே இல்லை. ஒரு செலவுத் தலைப்பு. கொடுத்த பணம் 'கமிஷனா' அல்லது வேறு ஏதாவதா என்ற கேள்விதான் இந்தியாவின் பிரதமர் ஒருவர் மீது மக்கள் வைத்திருந்த நம்பிக்கையைக் கரைத்தது. எப்படி என்று பார்ப்போம்.

கதைச் சுருக்கம்

1984 தேர்தலில் ராஜீவ் காந்தியின் காங்கிரஸ் 400-க்கும் மேற்பட்ட இடங்களில் வென்றது. அவ்வளவு பெரிய வெற்றி நேருவுக்கும் கிடைத்ததில்லை, இந்திராவுக்கும் கிடைத்ததில்லை. 'மிஸ்டர் கிளீன்' என்றுதான் பத்திரிகைகள் அவரை அழைத்தன. ஆயுத வியாபாரத்தில் இடைத்தரகர்களே கூடாது என்பது அவர் அரசின் கொள்கை.

1986 மார்ச் 24-ஆம் தேதி சுவீடன் நாட்டு போஃபர்ஸ் கம்பெனியிடம் 155 மி.மீ. பீரங்கிகள் 410 வாங்க இந்தியா ஒப்பந்தம் போட்டது. மதிப்பு சுமார் 1,437 கோடி ரூபாய்.

ஓராண்டு கழித்து, 1987 ஏப்ரல் 16 அன்று, சுவீடன் வானொலி ஒரு குண்டைப் போட்டது: இந்த ஆர்டரைப் பிடிக்க லஞ்சம் கொடுக்கப்பட்டிருக்கிறது! லஞ்சமும் இல்லை, இடைத்தரகரும் இல்லை என்று சில நாட்களிலேயே பிரதமர் மக்களவையில் மறுத்தார். அதே ஆண்டு ஜூனில் சுவீடனின் தேசியத் தணிக்கை அமைப்பு, பணம் கைமாறியது உண்மைதான் என்று அறிக்கை கொடுத்துவிட்டது. ஆனால் யாருக்கு என்ற பகுதி வெளியே வரவில்லை.

அப்போதுதான் போஃபர்ஸ் புது விளக்கம் சொன்னது. "ஆமாம், பணம் கொடுத்தோம். ஆனால் அது கமிஷன் இல்லை. இந்தியா இடைத்தரகர் வேண்டாம் என்று சொன்னதால், எங்கள் பழைய ஏஜெண்டுகளின் ஒப்பந்தத்தை முடித்து அனுப்பக் கொடுத்த தொகை." அதாவது கணக்கு முடிப்புச் செலவு! பி. சங்கரானந்த் தலைமையிலான நாடாளுமன்றக் கூட்டுக் குழு 1988-இல் இந்த விளக்கத்தை ஏற்றுக்கொண்டது. எதிர்க்கட்சிகள் புறக்கணித்த அந்தக் குழுவில் இருந்துகொண்டே மாற்றுக் கருத்து எழுதிக் கொடுத்தவர் நம்மூர்க்காரர், அ.தி.மு.க. உறுப்பினர் ஆலடி அருணா. இந்த விவகாரத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் அவரை மறந்துவிடுகிறார்கள் என்பது என் சின்ன வருத்தம்.

காகிதங்கள் வந்தன

ஜெனீவாவில் இருந்த சித்ரா சுப்ரமணியம், சென்னையில் என். ராம். இந்த இருவரும் சேர்ந்து 'தி இந்து' நாளிதழில் 1988-இல் போஃபர்ஸின் உள் ஆவணங்களையே அச்சிட ஆரம்பித்தார்கள். வங்கிக்குக் கொடுத்த உத்தரவுகள், ஏஜெண்டு ஒப்பந்தங்கள் என்று எல்லாம் அப்படியே, பார்த்தால் தெரியும்படி. "நம்பத்தகுந்த வட்டாரங்கள் தெரிவிக்கின்றன" என்ற வழக்கமான வரிக்கும் இதற்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம்.

இந்த ஆவணங்களில் ஒன்று ஏ.இ. சர்வீசஸ் என்ற பிரிட்டிஷ் கம்பெனியைப் பற்றியது. 1985 நவம்பரில் போஃபர்ஸ் அதோடு ஒப்பந்தம் போட்டது. 1986 மார்ச் 31-க்குள் இந்திய ஆர்டர் கிடைத்தால் 3 சதவீதம், கிடைக்காவிட்டால் ஒன்றும் இல்லை. ஆர்டர் கையெழுத்தான தேதியை மேலே பாருங்கள். கெடுவுக்கு ஒரு வாரம் முன்பு!

இப்போது கொஞ்சம் கணக்கு. சுவீடன் பணத்தில் ஒப்பந்த மதிப்பு சுமார் 841 கோடி குரோனர். இந்தியா முதலில் கொடுத்த முன்பணம் 20 சதவீதம், அதாவது சுமார் 168 கோடி குரோனர். அதில் 3 சதவீதம் எவ்வளவு? சுமார் 5 கோடியே 4 லட்சம் குரோனர். 1986 செப்டம்பரில் போஃபர்ஸ் ஏ.இ. சர்வீசஸுக்கு அனுப்பிய தொகை எவ்வளவு தெரியுமா? 5,04,63,966 குரோனர். அன்றைய மதிப்பில் 73 லட்சம் டாலர். கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தால் சரியாக 3 சதவீதம் வருகிறது.

ஆடிட்டிங் முதல் வகுப்பிலேயே சொல்லிக் கொடுப்பார்கள்: செலவின் பெயரைப் பார்க்காதே, தன்மையைப் பார். பழைய ஏஜெண்டை முடித்து அனுப்பக் கொடுக்கும் தொகை, வாடிக்கையாளர் கட்டும் தவணையோடு சேர்ந்து சதவீதக் கணக்கில் ஏறாது. "ஏஜெண்டுகளை எல்லாம் நிறுத்திவிட்டோம்" என்று சொல்லும் கம்பெனி, அதே நேரத்தில் புதிதாக ஒரு ஏஜெண்டைச் சேர்க்காது. 'முடிப்புச் செலவு' என்ற தலைப்பு நிற்கவில்லை. அது கமிஷன்தான்.

காகிதங்களைக் கொடுத்தவர் யார்?

அமெரிக்காவில் வாட்டர்கேட் விவகாரத்தில் அதிபர் நிக்ஸன் 1974 ஆகஸ்டில் பதவி விலகினார். பத்திரிகையாளர்களுக்குத் தகவல் கொடுத்த உள் ஆள் எஃப்.பி.ஐ.யின் இரண்டாம் நிலையில் இருந்த மார்க் ஃபெல்ட் என்று 2005-இல்தான் உலகத்துக்குத் தெரிந்தது.

நம் கதையிலும் அப்படி ஒரு ஆள் உண்டு. 1987-இலிருந்து 25 ஆண்டுகள் சித்ரா சுப்ரமணியம் பெயரை வெளியே விடவில்லை. 2012 ஏப்ரலில் அவரே முன்வந்து சொன்னார். ஸ்டென் லிண்ட்ஸ்ட்ரோம். சுவீடனில் போஃபர்ஸ் விசாரணைக்குத் தலைமை தாங்கிய போலீஸ் அதிகாரி! கொடுத்த ஆவணங்கள் 350-க்கும் மேல். ஏன் கொடுத்தார்? தன் அரசோ, போஃபர்ஸோ, இந்திய அரசோ இதன் அடிவரைக்கும் போகும் என்ற நம்பிக்கை அவருக்கு இல்லை. 1988 தொடக்கத்தில் சுவீடன் அரசு வழக்கறிஞர் விசாரணையையே மூடிவிட்டார். கையில் ஆதாரம் இருக்கிறது, கதவுகள் எல்லாம் மூடியிருக்கின்றன. அப்போதுதான் காகிதம் ஜன்னல் வழியே போகிறது.

ஆனால் 2012-இல் அவர் சொன்ன இன்னும் இரண்டு விஷயங்களைப் பலரும் சேர்த்துச் சொல்வதில்லை. ஒன்று, ராஜீவ் காந்தி பணம் வாங்கியதற்கு எந்த ஆதாரமும் இல்லை. ஆனால் உண்மையை மூடி மறைப்பதைப் பார்த்துக்கொண்டு அவர் ஒன்றும் செய்யவில்லை. இரண்டு, அமிதாப் பச்சனுக்கு இதில் சம்பந்தமே இல்லை. பச்சன் இந்தச் சேற்றில் சிக்கி 1987-இல் எம்.பி. பதவியையே விட்டவர். தன் பெயரைத் தவறாக எழுதிய சுவீடன் பத்திரிகை மீது லண்டனில் வழக்குப் போட்டு ஜெயித்தார். ஆனாலும் சந்தேகம் அவரை விட்டுப் போக எத்தனை வருடம் ஆனது பாருங்கள்.

அவநம்பிக்கை எங்கிருந்து வந்தது?

என்னைப் பொறுத்தவரை மக்களின் நம்பிக்கை போனது 64 கோடியால் அல்ல. மறுப்புகளால்தான். "பணமே கொடுக்கவில்லை" என்பது முதல் மறுப்பு. சுவீடன் தணிக்கை அதை உடைத்தது. "கொடுத்தது கமிஷன் இல்லை" என்பது அடுத்த மறுப்பு. ஆவணங்கள் அதை உடைத்தன. ஒவ்வொரு முறையும் அரசாங்கம் ஒரு படி பின்னால் போய் நின்றது. இதற்கு நடுவில் 1988 ஆகஸ்டில் பத்திரிகைகளைக் கட்டிப்போட அவதூறு மசோதா ஒன்றை மக்களவையில் நிறைவேற்றியது. நாடு முழுக்கப் பத்திரிகையாளர்கள் தெருவுக்கு வந்ததும் செப்டம்பரில் அதை வாபஸ் வாங்கியது. மடியில் கனம் இல்லாதவன் வழியில் ஏன் பயப்படுகிறான் என்று ஜனங்கள் கேட்கத்தானே செய்வார்கள்?

பத்திரிகை உலகமும் முழுக்க வீரமாக இருந்ததாகச் சொல்ல முடியாது. 1989 அக்டோபரில் 'இந்து' ஆசிரியர் ஜி. கஸ்தூரி அடுத்த கட்டுரையைப் போடாமல் நிறுத்தினார். ராம் அதை வெளிப்படையாகவே எதிர்த்தார். சித்ரா 'இந்தியன் எக்ஸ்பிரஸ்' பக்கம் போய்விட்டார்.

தமிழ்நாட்டில் நடந்த வேடிக்கை

1989 நவம்பர் தேர்தலில் காங்கிரஸ் 197 இடங்களுக்குச் சரிந்தது. வி.பி. சிங் பிரதமரானார். இதை மட்டும் படித்தால் 'ஆவணம் வந்தது, ஆட்சி போனது' என்று நினைத்துவிடுவோம்.

ஆனால் அந்த ஆவணங்களை அச்சிட்ட பத்திரிகையின் சொந்த மாநிலத்தில் என்ன நடந்தது? தமிழ்நாட்டின் 39 இடங்களில் காங்கிரஸ் - அ.தி.மு.க. கூட்டணிக்கு 38! வி.பி. சிங்கோடு நின்ற தி.மு.க.வுக்கு ஒன்றுகூட இல்லை. எங்கள் மதுரையிலும் காங்கிரஸின் ஏ.ஜி.எஸ். ராம்பாபுதான் ஜெயித்தார். இத்தனைக்கும் அதே ஆண்டு ஜனவரியில்தான் தி.மு.க. மாநில ஆட்சியைப் பிடித்திருந்தது. அப்போது எம்.ஜி.ஆர். கட்சி இரண்டாக உடைந்து கிடந்தது. நவம்பருக்குள் அது ஒன்றாகி, காங்கிரஸோடும் சேர்ந்துவிட்டது. கூட்டணிக் கணக்கு பீரங்கிக் கணக்கை விழுங்கிவிட்டது.

அதற்காக நம் மக்களுக்கு ஊழல் உறைக்கவில்லை என்று சொல்ல நான் தயாரில்லை. ஒரு ஓட்டில் பத்து விஷயம் கலந்திருக்கும். கசிந்த காகிதம் அதில் ஒன்று, அவ்வளவுதான். தேர்தல் முடிவை ஆடிட் ரிப்போர்ட்டாகப் படிக்கக் கூடாது.

கடைசியில்?

கோர்ட்டும் கைகொடுக்கவில்லை. சிபிஐ 1990-இல் வழக்குப் பதிந்து, 1999-இல்தான் குற்றப்பத்திரிகை கொடுத்தது. முக்கியப் புள்ளியாகச் சொல்லப்பட்ட இத்தாலிய வியாபாரி குவாத்ரோச்சி 1993-இலேயே நாட்டை விட்டுப் போய்விட்டார். 2004 பிப்ரவரியில் டெல்லி உயர் நீதிமன்றம் ராஜீவ் மீதான லஞ்சக் குற்றச்சாட்டைத் தள்ளியது. அவர் ஸ்ரீபெரும்புதூரில் கொல்லப்பட்டு அப்போது கிட்டத்தட்ட 13 ஆண்டுகள் ஆகியிருந்தன. 2005 மே 31-இல் இந்துஜா சகோதரர்களும் விடுபட்டார்கள். மார்க் ஃபெல்ட்டின் பெயர் அமெரிக்காவில் வெளியானதும் அதே நாள்தான்! 2011-இல் குவாத்ரோச்சி மீதான வழக்கும் முடிந்தது. யாருக்கும் தண்டனை இல்லை. இன்னொரு பக்கம், அதே பீரங்கிகள் 1999 கார்கில் போரில் நன்றாகவே வேலை செய்தன.

அப்படியானால் லிண்ட்ஸ்ட்ரோம் செய்தது வீணா? இல்லை என்றுதான் நினைக்கிறேன். கமிஷன் கொடுக்கப்பட்டது என்பதை இன்று யாரும் மறுக்க முடியாது. அதை நிரூபித்தது கோர்ட்டும் இல்லை, கமிட்டியும் இல்லை. அந்தக் காகிதங்கள்தான்.

ஆனால் ஒரு வவுச்சர் எதை நிரூபிக்கிறதோ அதை மட்டும்தான் நிரூபிக்கும். பணம் ஏ.இ. சர்வீசஸுக்குப் போனது என்று காகிதம் சொன்னது. பிரதமர் வாங்கினார் என்று அது சொல்லவில்லை. அந்த இடைவெளியை நிரப்பியது வதந்தி. உண்மையை முழுசாகச் சொல்லியிருந்தால் வதந்திக்கு இடமே இருந்திருக்காது. அந்த வகையில் ராஜீவ் காந்திக்கு அதிகக் கெடுதல் செய்தது காகிதத்தைக் கொடுத்தவர் அல்ல, மூடி மறைத்தவர்கள்தான்.

நாளைக்கு இன்னொரு ஆவணம் கசியும். அது எந்தக் கட்சியைப் பற்றியதாக இருந்தாலும் சரி, இரண்டு கேள்விகளைக் கேட்டுப் பழகுவோம். இந்தக் காகிதம் எதைக் காட்டுகிறது? எதைக் காட்டவில்லை?