சங்கப் பாடல்களில் முதியோர் ஊன்றுகோல்

ஊன்றுகோல் முதுமைத் தளர்ச்சியின் அடையாளமாகவே பெரிதும் கருதப்படுகிறது. சங்கப் பாடல்கள் இரண்டினை ஒப்புநோக்கின் இக்கருத்து முழுமையானதன்று என்பது புலனாகும்.

புறநானூறு 243ஆம் பாடலில் முதியவர் ஒருவர், ஆழ்ந்த மடுவில் குதித்து அடிமணலை அள்ளிக் காட்டிய தம் இளமையை நினைந்து இரங்குகிறார். இப்போது இருமலுக்கிடையே சில சொற்களே பேசிக் கோலூன்றி நடக்கிறார். இழப்பைப் பாடும் இப்பாட்டிலும் அக்கோல் வெறுங்கழி அன்று. தலையில் பூண் செறிக்கப்பெற்றது. ‘விழு’ என்னும் சிறப்பு அடையும் உடையது. ஊன்றுகோலும் அணிசெய்யப்பட்டது என்பதற்கு இது சான்று. பாடியவரின் இயற்பெயர் தெரியவில்லை. கோலைக் குறித்த அத்தொடரே ‘தொடித்தலை விழுத்தண்டினார்’ என அவர் பெயராயிற்று.

வெள்ளிவீதியாரின் குறுந்தொகை 146ஆம் பாடலிலோ, மணம் பேசும் அவையில் நரைத்த தலையும் கையில் தண்டும் உடைய முதியோர் இடம்பெறுகின்றனர். பிரிந்தோரைச் சேர்த்துவைக்கும் சொல்லுரிமை அவர்களுடையது. அங்குத் தண்டு தளர்ச்சியினும் மதிப்பையே மிகுதியும் உணர்த்துகிறது.

ஆகவே, பழந்தமிழர் பொருட்பண்பாட்டு வரலாற்றில் ஊன்றுகோலை உடற்குறையின் துணைக்கருவியாக மட்டும் வகைப்படுத்துதல் பொருந்தாது. அஃது உடையவரின் தகுதியையும், ஒருவர்க்கு அவர்தம் பெயரையுமே தாங்கி நின்றுள்ளது.