நான்கு ஊர் கடந்த பள்ளி

வட இங்கிலாந்தின் லங்காஷர் வட்டாரத்தில் இருக்கும் ஸ்டோனிஹர்ஸ்ட் கத்தோலிக்கப் பள்ளி பிறந்தது இங்கிலாந்தில் அல்ல. முதலாம் எலிசபெத் ஆட்சியில் கத்தோலிக்கக் கல்விக்கு அங்கே தடை. அதற்காகப் பிள்ளைகளைக் கடல் கடந்து அனுப்புவதும் குற்றம். ஆகவே ராபர்ட் பெர்சன்ஸ் என்ற இயேசு சபைத் துறவி 1593இல் அக்கரையில், அப்போது ஸ்பெயின் மன்னரின் ஆளுகையில் இருந்த செயின்ட் ஓமேரில் பள்ளியைத் தொடங்கினார். இங்கிலாந்துப் பிள்ளைகள் ஒளிந்து மறைந்து கப்பலேறி வந்து சேர்ந்தார்கள். பிற்காலத்தில் அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தில் கையெழுத்திட்ட ஒரே கத்தோலிக்கரான சார்ல்ஸ் கரோலும் இங்கே படித்தவர்தான்.

பின்னர் செயின்ட் ஓமேர் பிரான்ஸின் கைக்குப் போயிற்று. 1762இல் பிரெஞ்சு நீதிமன்றம் இயேசு சபையின் கல்லூரிகளைப் பறிக்க முனைந்தபோது, மாணவர்களைச் சத்தமில்லாமல் வெளியேற்றி, பிரெஞ்சு எல்லைக்கு அப்பால் புரூஜ் நகரத்துக்குக் கொண்டுபோனார்கள். எல்லாவற்றையும் எடுத்துச் செல்ல முடியவில்லை. 1623இல் அச்சான ஷேக்ஸ்பியர் நாடகத் தொகுப்பின் முதல் பதிப்புப் பிரதி ஒன்று, முகப்புப் பக்கங்கள் இல்லாமல், 2014இல் செயின்ட் ஓமேர் நகர நூலகத்தில் அடையாளம் காணப்பட்டது. அது அந்தப் பழைய கல்லூரியின் உடைமை என்றே கருதுகிறார்கள்.

இந்த வரலாற்றில் என்னை மிகவும் பாதிப்பது 1773. அந்த ஆண்டு திருத்தந்தை பதினான்காம் கிளமெந்து இயேசு சபையையே கலைத்துவிட்டார். அதுவரை துரத்தியவை அரசுகள். இப்போது பள்ளியைப் பெற்ற சபையே இல்லை. புரூஜ் கல்லூரியை அரசு கைப்பற்றி, டொமினிக்கன் துறவிகளிடம் ஒப்படைத்துப் பார்த்தது. மாணவர்கள் கலகம் செய்தார்கள். ஆசிரியர்கள் லியேஜ் நகரில் அதன் ஆயர் இளவரசரின் ஆதரவில் மீண்டும் தொடங்க, பிள்ளைகள் அங்கே தேடிப்போய்ச் சேர்ந்தார்கள். பள்ளி யாருடையது என்பதை அன்று அந்தச் சிறுவர்களே தீர்மானித்தார்கள் என்பேன்.

1794இல் பிரெஞ்சுப் புரட்சிப் படை லியேஜை நெருங்கியது. அதற்கு 3 ஆண்டுகளுக்கு முன்புதான் இங்கிலாந்து கத்தோலிக்கர் மீதான கெடுபிடிகளைத் தளர்த்தியிருந்தது. பழைய மாணவர் தாமஸ் வெல்ட், தமக்கு வந்த, பாழடைந்து கிடந்த ஸ்டோனிஹர்ஸ்ட் மாளிகையைக் கொடுத்தார். மியூஸ் ஆற்றில் படகு, பிறகு கடல், ஹல் துறைமுகம், கடைசியில் நடைப் பயணம். ஆகஸ்ட் 29 அன்று முதல் குழு வந்து சேர்ந்தது.

அதன்பின் பள்ளி மேலும் கீழும் வளர்ந்தது. 1807இல் அருகே ஹாடர் ஆற்றங்கரையில் சிறுவர்களுக்கென்று தொடக்கப் பள்ளி வந்தது. ஷெர்லாக் ஹோம்ஸைப் படைத்த ஆர்தர் கோனன் டாயில் 1868இல் சேர்ந்தது அங்கேதான். அங்கிருந்த கண்டிப்பை அவர் அன்போடு நினைவுகூரவில்லை. 1838இல் வானாய்வகம் எழுந்தது. அதன் இயக்குநராக இருந்த ஸ்டீபன் பெர்ரி என்ற துறவி, சூரியனைக் கடக்கும் வெள்ளியைப் பார்க்க 1874இல் தெற்கே கெர்கெலன் தீவுவரை போனார். இயேசு சபைக் குருமாணவர்களுக்காகக் கட்டிய செயின்ட் மேரிஸ் ஹால் 1946இல் சிறுவர் பள்ளியாக மாறியது; 1970இல் ஹாடர் பள்ளி அதோடு இணைந்தது. 1999இல் மேல்நிலைப் பள்ளி முழுவதும் மாணவிகளுக்கும் திறக்கப்பட்டது. இன்று 3 வயதில் நுழையும் பிள்ளை 18 வயதுவரை இங்கேயே படிக்கலாம். மேல் வகுப்புகளுக்கு எண் கிடையாது. இலக்கணம், தொடரியல், கவிதை, சொல்லணி என்ற பழைய இயேசு சபை வரிசைதான் இன்றும் அவற்றின் பெயர்.