கோடம்பாக்கமும் கிராமபோன் பெட்டியும்

கோடம்பாக்கம் என்றவுடன் திரைப்படம் நினைவுக்கு வரும். ஆனால் அவ்வட்டாரத்தில் படப்பிடிப்பு நிலையம் கண்ட ஏ.வி. மெய்யப்பச் செட்டியார் இசைத்தட்டு வணிகத்திலிருந்து வந்தவர் என்பதைப் பலர் மறந்துவிட்டனர். காரைக்குடியில் அவர் தந்தையாரின் கடையில் கிராமபோன் தட்டுகள் விற்றன. 1930களின் தொடக்கத்தில் அவரும் நண்பர்களும் சென்னையில் சரஸ்வதி ஸ்டோர்ஸைத் தொடங்கி, ஓடியன் இசைத்தட்டுகளை வெளியிட்டனர். படத்தயாரிப்பு அதற்குப் பின்னரே வந்தது. 1948இல் அவரது ஸ்டுடியோ காரைக்குடியிலிருந்து கோடம்பாக்கத்திற்கு மாறியது. எனவே, சாவி கொடுத்துச் சுழலவிடும் அந்தப் பழைய பெட்டியைத் தேடி வாங்க விரும்புவோர், இவ்வூரின் மூல வரலாற்றையே தேடுகின்றனர் எனலாம்.

எடிசன் 1877இல் கண்ட போனோகிராப் உருளையில் ஒலியைப் பதித்தது. தட்டில் பதிக்கும் கிராமபோனை எமில் பெர்லினர் 1887இல் உருவாக்கினார். இந்தியாவில் 1902 நவம்பரில் கல்கத்தாவில் ஒலிப்பதிவு நடந்தபோது பாடியவர்களுள் தலையாயவர் கௌஹர் ஜான். ஆர்மீனிய வழியில் பிறந்து, தாயாருடன் இஸ்லாத்தைத் தழுவிய அம்மாதரசி, மூன்று நிமிடத்திற்குள் ஓர் இராகத்தை அடக்கும் கலையைக் கற்றுத் தேர்ந்தார். அவர் 1930இல் மைசூரில் காலமானார்.

இக்கருவி நம் மார்க்க அறிஞர்களையும் சிந்திக்க வைத்தது. அதிலிருந்து வரும் திருக்குர்ஆன் ஓசை ஓதுதல் ஆகுமா என்ற வினா எழுந்தது. படாவியாவிலிருந்த சையிது உஸ்மான் 1899இல் இதுபற்றி எழுதினார். எகிப்தின் முஹம்மது பகீத் 1906இல் தனி நூலே இயற்றினார். எதிரொலியில் ஸஜ்தா வசனம் கேட்டால் ஸஜ்தா கடமையாகாது என்பது ஹனபி நூல்களில் உள்ள பழைய சட்டம். கருவியின் ஒலியை அந்த எதிரொலியோடு ஒப்பிட்டு அறிஞர் பலர் விளக்கினர். இசை பற்றிய தீர்ப்பு வேறு. ஒலியைப் பிடித்து வைக்கும் கருவி பற்றிய கேள்வி வேறு என்று அவர்கள் பிரித்துப் பார்த்த நுட்பம் போற்றத்தக்கது.

கூம்பு வைத்த பெரிய பெட்டிகளை எளிதில் தூக்கிச் செல்ல முடியாது. ஆகவே கைப்பிடியுடன் கூடிய சிறு பெட்டிகள் பிறந்தன. 1914இல் இலண்டனில் வெளிவந்த டெக்கா பெட்டி, முதல் உலகப் போரில் பதுங்கு குழிகளுக்கே சென்றது. பின்னர் ‘நாய் மார்க்’ நிறுவனம் 1925இல் 101 என்ற மாதிரியையும், 1931இல் 102 என்ற மாதிரியையும் வெளியிட்டது. இவற்றில் கூம்பு உள்ளேயே மறைந்திருக்கும்; திறந்த மூடியில் பட்டு ஒலி எழும். புதிதாகச் சேகரிப்போர்க்கு இவையே ஏற்றவை.

வாங்குமுன் சிலவற்றைச் சோதிக்க வேண்டும். முதலில் சாவி. சுற்றச் சுற்ற இறுக்கம் ஏற வேண்டும். எவ்வளவு சுற்றினாலும் இறுகாவிட்டால் சுருள்வில் அறுந்திருக்கும். இடையிடையே ‘டம்’ என்று அதிர்ந்தால் உள்ளே மசகு காய்ந்திருக்கலாம். இரண்டும் பழுதுபார்க்கக் கூடியவையே. ஆயினும் வில் இருக்கும் பேழையைத் தாமே திறத்தல் ஆபத்து, அறிந்தவரிடம் விடுக. அடுத்து வேகம். தட்டின்கீழ் ஒரு துண்டுக் காகிதத்தைச் செருகி எண்ணுக: நிமிடத்திற்கு 78 சுற்று இருத்தல் வேண்டும். ஒரு முறை சாவி கொடுத்தால், ஒரு பக்கம் முடியும் வரை ஓட்டம் தளரக் கூடாது. மூன்றாவது, ஊசி பொருத்தும் ஒலிமுனை. 101இல் அபிரகத் தகடு, 102இல் அலுமினியத் தகடு இருக்கும். சுற்றியுள்ள ரப்பர் வளையம் கல்லாய் இறுகியிருந்தால் ஒலி கரகரக்கும், மாற்றலாம். ஆனால் துத்தநாகக் கலவையில் வார்த்த பகுதி வீங்கி வெடித்திருந்தால் அதைச் சீராக்குதல் அரிது.

பளபளக்கும் பித்தளைக் கூம்பும் புதிய மரப்பெட்டியும் நாய்ப் படமும் கண்டு மயங்குவோர் பலர். அவற்றுள் பெரும்பாலானவை அண்மைக் காலத்தில் ஒட்டுப்போட்டுச் செய்தவை. துயரம் என்னவெனில், அவற்றுக்கான இயந்திரத்தையும் ஒலிமுனையையும் பெறுவதற்காக நல்ல கைப்பெட்டிகள் பிரித்துப் போடப்படுகின்றன. ஒரு போலிப் பெட்டி விற்கும்போது ஓர் அசல் பெட்டி அழிந்திருக்கக் கூடும்.

தானியக் குவியலுக்குள் கையை விட்டு, அடியில் ஈரம் கண்ட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், குறையை மறைத்த வணிகரைக் கண்டித்த செய்தி நாம் அறிந்ததே. பொருளின் மறைந்த குறை தெரியவந்தால் திருப்பித் தரும் உரிமை வாங்குபவர்க்கு உண்டு என்பது பிக்ஹுச் சட்டம். விற்போர் குறையைச் சொல்லிவிடுவதே கடமை. வாங்குவோரும் கேட்டறிதல் நன்று.

தட்டுகளையும் கவனியுங்கள். அரக்கு கலந்து செய்யப்பட்டவை அவை. விழுந்தால் உடையும், சாராயம் பட்டால் கரையும். ஆகவே சாராயத்தால் துடைக்கலாகாது. எஃகு ஊசியை ஒரு பக்கத்திற்கு ஒன்றாக மாற்றுக. பிற்காலத்து நீண்ட நேரத் தட்டுகளை இப்பெட்டியில் வைத்தால் அவை பாழாகும்.

1900இல் திறக்கப்பட்ட மூர் மார்க்கெட்டில் பழம்பொருள் தேடியோர் பலர். 1985 மே 30ஆம் நாள் தீயில் அது அழிந்தது. அன்று போனதைத் திரும்பப் பெற இயலாது. ஆனால் நம் வீட்டுப் பரண்களில் இன்னும் பெட்டிகள் உறங்குகின்றன. நாகூர் ஈ.எம். ஹனிபா (1925–2015) அவர்களின் கணீரென்ற குரல் அக்காலத் தட்டுகளில் ஒலித்தது; 1955இல் வந்த குலேபகாவலி படத்திலும் அவர் பாடினார். அத்தகைய தட்டு ஒன்று பரணில் கிடந்தால், எடைக்குப் போடுமுன் ஒருமுறை சாவி கொடுத்துக் கேளுங்கள். பெட்டி பழுதென்றால் பிரித்து விற்காமல், முழுமையாகச் செப்பனிடக்கூடிய ஒருவரிடம் கொடுங்கள். நம் மூதாதையர் கேட்ட குரலை நம் பேரப் பிள்ளைகளும் கேட்க இதுவே வழி.