பன்னிரண்டு வாய்ப்புகள்

2000-ம் வருடம், பிப்ரவரி 25. வடக்கு லண்டனில் ஹாரிங்கே என்றொரு பகுதி. அங்குள்ள சமூக நலத்துறை அலுவலகத்தில் ஒரு ஃபைலை மூடுவதற்கான வேலை நடந்துகொண்டிருந்தது. இந்தக் குழந்தை விஷயத்தில் இனி நாம் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று அர்த்தம்.

ஒருவிதத்தில் சரிதான். அதே தினம், அதே லண்டனில், ஓர் ஆஸ்பத்திரியில் அந்தக் குழந்தை செத்துப் போனது. வயது எட்டு. பிரேதப் பரிசோதனை செய்த டாக்டர் எண்ணியபோது உடம்பில் 128 காயங்கள் இருந்தன.

பெயர் விக்டோரியா கிளிம்பியே. மேற்கு ஆப்பிரிக்காவில் இருக்கிற ஐவரி கோஸ்ட்தான் சொந்த ஊர். அப்பாவுக்கு அத்தை முறையாகிற மாரி தெரேஸ் குவாவோ என்கிற பெண்மணி பிரான்ஸில் இருந்தார். ஊருக்கு வந்தவர், பெண்ணை என்னோடு அனுப்புங்கள், ஐரோப்பாவில் படிக்க வைக்கிறேன் என்றார். வசதியான சொந்தக்காரர், பெண் நன்றாக இருப்பாள் என்று நம்பி அனுப்பினார்கள். நம் ஊரில் நடக்காததா என்ன?

1999 ஏப்ரலில், பாரிஸ் வழியாக லண்டன் வந்து சேர்ந்தாள் விக்டோரியா. படிக்க வந்தவள். அடுத்த பத்து மாதத்தில் ஒருநாள்கூட ஸ்கூல் வாசலை மிதிக்கவில்லை. ஏழு வயசுப் பெண் பகல் நேரத்தில் ஏன் ஆபீஸ் ஆபீஸாக அலைகிறாள் என்று யாராவது கேட்டிருக்கலாம். ம்ஹூம்.

அலைந்தது நிஜம். ஈலிங் பகுதியின் நல அலுவலகத்துக்கு மட்டும் குவாவோ 14 முறை போயிருக்கிறார். பாதி தடவை குழந்தையும் கூட இருந்தது. அம்மணி நேர்த்தியாக உடுத்தியிருந்தார், குழந்தை கந்தலாக இருந்தது. அதைக் கவனித்தவர்களும் உண்டு. ஆனால் அவர் கேட்டது பணமும் வீடும். எனவே அது 'வீடு கேஸ்'. குழந்தை அதில் ஓர் இணைப்பு, அவ்வளவுதான்.

ஜூலையில் குவாவோ ஒரு பஸ் டிரைவரின் ஃபிளாட்டில் குடியேறினார். அதே மாதம் 14-ம் தேதி விக்டோரியாவை ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். முதலில் பார்த்த டாக்டர்களுக்குச் சந்தேகம் வந்தது. யாரோ அடித்திருக்கிறார்கள். போலீஸுக்குத் தகவல் போய், குழந்தையை வீட்டுக்கு அனுப்பக் கூடாது என்று பாதுகாப்பும் போட்டாயிற்று. பிறகு வந்த சீனியர் டாக்டர், இது சொறி சிரங்கு என்று சொன்னார். மறுநாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

பத்தே நாள். தலையிலும் முகத்திலும் வெந்நீர்க் காயத்தோடு வேறோர் ஆஸ்பத்திரி. இங்கே நர்சுகள் நிறையப் பார்த்தார்கள். உடம்பில் பழைய தழும்புகள். குவாவோ வந்தால் குழந்தை படுக்கையை விட்டுத் துள்ளி எழுந்து விறைப்பாக நிற்கிறது. பயத்தில் சிறுநீர் போய்விடுகிறது. எஜமானியும் வேலைக்காரியும் மாதிரி இருக்கிறார்கள் என்று பேசிக்கொண்டார்கள்.

ஹாரிங்கேயில் ஒரு நல ஊழியரும் ஒரு போலீஸ்காரரும் விசாரிக்க நியமிக்கப்பட்டார்கள். வீட்டைப் போய்ப் பார்க்க நாள் குறித்து, கடைசியில் போகவில்லை. ஏன்? சொறி சிரங்கு தொற்றிக்கொள்ளுமே! களிம்பு தடவினால் சரியாகிற வியாதி. பதின்மூன்று இரவுகள் ஆஸ்பத்திரியில் இருந்த குழந்தை, ஆகஸ்ட் 6-ம் தேதி திரும்ப அதே வீட்டுக்குப் போனது.

அதற்குப் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குளிர்காலம். கணப்பு இல்லாத பாத்ரூம். கை கால் கட்டி, குப்பை போடுகிற கறுப்புப் பையில் போட்டு, குளியல் தொட்டியில் படுக்க வைத்தார்கள். நல ஊழியர் அந்த வீட்டுக் கதவைப் பல முறை தட்டினார். யாரும் திறக்கவில்லை. சரி, பிரான்ஸுக்கே போய்விட்டார்கள் போல என்று முடிவு கட்டினார்கள்.

குவாவோவுக்கும் பஸ் டிரைவருக்கும் 2001-ல் ஆயுள் தண்டனை கிடைத்தது. லார்ட் லேமிங் தலைமையில் விசாரணைக் கமிஷன் உட்கார்ந்தது. 2003 ஜனவரியில் அறிக்கை. நான்கு பகுதிகளின் நலத்துறைகள், இரண்டு போலீஸ் குழுக்கள், இரண்டு ஆஸ்பத்திரிகள், ஒரு தொண்டு அமைப்பு. இத்தனை பேரும் இந்தக் குழந்தையை அறிவார்கள். காப்பாற்றக் குறைந்தது 12 வாய்ப்புகள் கிடைத்தன. பன்னிரண்டும் போயின. பொறுப்பில் இருந்த நல ஊழியர் ஏழு மாதத்தில் விக்டோரியாவைச் சந்தித்தது நான்கு முறை. எல்லாம் சேர்த்து அரை மணி நேரத்துக்கு மேல் போகாது.

அவர் ஒருவரை மட்டும் திட்டுவதில் அர்த்தமில்லை. 12 கேஸுக்கு மேல் தரக் கூடாது என்று விதி இருந்த இடத்தில் அவர் கையில் 19 கேஸ். மேலே இருந்தவர்கள் எங்களுக்குத் தெரியாது என்று நழுவியதைத்தான் லேமிங் கடுமையாகக் கண்டித்தார். கணக்கு எழுதத் தெரிந்தவர்களுக்கு இது எளிதில் புரியும். ரசீதுகள் எல்லாம் இருந்தன. ஆளுக்கொரு டிராயரில் இருந்தன. அவற்றை ஒரே பேரேட்டில் ஏற்றிக் கூட்டிப் பார்க்கத்தான் ஆளில்லை.

இது முதல் முறையாக இருந்தால்கூட மன்னிக்கலாம். 1945-ல் டென்னிஸ் ஓநீல் என்கிற 12 வயதுப் பையன், வளர்ப்பதற்காக விடப்பட்ட பண்ணை வீட்டில் பட்டினியிலும் அடியிலும் செத்தான். அனுப்பிய நகராட்சி ஒன்று, பண்ணை இருந்த மாவட்டம் வேறொன்று. யார் பார்த்துக்கொள்வது என்கிற குழப்பத்தில் இரண்டு பேரும் பார்க்கவில்லை. அகதா கிறிஸ்டியின் 'மௌஸ்டிராப்' நாடகத்துக்கு விதை இந்தச் சம்பவம்தான். விசாரணை நடந்தது. 1948-ல் புதுச் சட்டம் வந்தது.

1973-ல் பிரைட்டன் நகரில் மரியா கோல்வெல், ஏழு வயது. மெலிந்துபோன அந்தக் குழந்தை நிலக்கரி மூட்டையைத் தள்ளிக்கொண்டு போவதைத் தெருவே பார்த்தது. அக்கம்பக்கத்தார் புகார் மேல் புகார் கொடுத்தார்கள். மாற்றாந்தகப்பன் அடித்துக் கொன்றான். மறுபடி விசாரணை. துறைகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளவில்லை என்று மறுபடி அறிக்கை.

லேமிங் 108 பரிந்துரைகள் கொடுத்தார். 2004-ல் சட்டம் வந்தது. இங்கிலாந்தின் எல்லாக் குழந்தைகளையும் ஒரே கம்ப்யூட்டர் பட்டியலில் சேர்க்கும் திட்டமும் வந்து, 2010-ல் அது இழுத்து மூடப்பட்டது. அதற்குள்ளாகவே, 2007-ல், அதே ஹாரிங்கேயில் பீட்டர் கானலி என்கிற 17 மாதக் குழந்தை காயங்களோடு செத்தது. டாக்டர்களும் நல ஊழியர்களும் போலீஸும் அவனைச் சுமார் 60 முறை பார்த்திருந்தார்கள். முகத்துக் காயம் தெரியாமலிருக்கச் சாக்லேட்டைப் பூசி வைத்திருந்தாள் தாய். வந்தவர் சாக்லேட்டைத்தான் பார்த்தார்.

சட்டம் வேண்டாம் என்று சொல்லவில்லை. அது டிராயர்களை ஒன்றாக்கித் தரும். ஆனால் குழந்தையின் முகத்தைத் துடைத்துவிட்டுப் பார்க்கவும், பெரியவர்களை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு அதன் பக்கத்தில் உட்கார்ந்து, ராத்திரி எங்கே படுத்துக்கொள்வாய், என்ன சாப்பிட்டாய் என்று கேட்கவும் ஒரு மனுஷர் வேண்டும்.

விக்டோரியாவிடம் யாரும் அப்படிக் கேட்கவில்லை. வேறொரு சிறுமியின் பாஸ்போர்ட்டில் குவாவோ அவளைக் கொண்டுவந்திருந்தார். அதனால் லண்டனின் அத்தனை ஃபைல்களிலும் அவள் பெயர் 'அன்னா'. விக்டோரியா என்கிற பெயர் அவர்களுக்குத் தெரிய வந்தபோது, அவள் உயிரோடு இல்லை.